கிண்ணம் காலியானால்தான் தீர்ப்பு

"உப்பு கம்மி. நூடுல்ஸ் குழைஞ்சு போச்சு. பத்துக்கு நாலு," என்றாள் வேலைக்குச் சேர்ந்திருந்த புதுப்பெண், கிண்ணத்தின் அடியை வழித்துக்கொண்டே.

"நாலா!" தையல் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஒரு இழை மிச்சம் வைக்காம வழிச்சுட்டு நாலுங்கிறியே, உனக்கே நல்லாயிருக்கா?"

"கிண்ணம் காலியானாத்தான் தீர்ப்புன்னு விதி போட்டது நீங்கதானேக்கா?"

பஞ்சு மாமா தோள் குலுங்கச் சிரித்தார். அவர் மீசையில் ஒட்டியிருந்த பஞ்சு எழும்பிப் பறந்தது.

அது தலையணை செய்யும் கூடம். இருப்பது மூன்றே பேர். அக்கா உறை தைப்பாள். மாமா பஞ்சு அடைப்பார். அடைத்ததை உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை மூடி, "ஒரு பிடி குறையுது" என்பார். இல்லையென்றால், "சரியா இருக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் புதுப்பெண் தலையணையின் வாயை ஊசியால் தைத்து மூடலாம்.

நாள் முழுக்க ஜன்னல் வெயிலில் பஞ்சு இழைகள் ஏறுவதும் இறங்குவதுமாக மிதக்கும். மதியம் நெருங்கினால் தையல் மெஷின்கூடத் தூக்கத்தில் முணுமுணுப்பதுபோலக் கேட்கும். அப்போது பின்பக்கத்து அடுப்பிலிருந்து பூண்டு வதங்கும் வாசனை மெல்ல நடந்து வரும்.

போட்டி இதுதான்: ஒரு சாதா நூடுல்ஸ் பாக்கெட்டை விருந்தாக மாற்றுவது யார்? ஒருநாள் அக்கா முறை, மறுநாள் மாமா முறை.

"இவர் சமையலை நான் நல்லாயிருக்குன்னு சொல்ல மாட்டேன், என் சமையலை இவர் சொல்ல மாட்டார். நீதான் வெளியாளு, நீ சொல்லு," என்று, அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே அக்கா கிண்ணத்தை நீட்டிவிட்டாள்.

முதல் நாள் அதே அக்கா தன் சாப்பாட்டில் பாதியை நகர்த்தியபோது, "யார்கிட்டயும் வாங்கிச் சாப்பிட்டுப் பழக்கமில்லைக்கா" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னவள்தான் அவள். ஆனால் தீர்ப்பு சொல்வது வேறு. அது அவள் இவர்களுக்குச் செய்யும் உபகாரம்.

மாமா கொதிக்கும் நூடுல்ஸில் அடித்த முட்டையை நூல்போல ஊற்றி மூடிவைப்பார். "கலக்கிடாதீங்க, அது மேகம் மாதிரி நிக்கணும்" என்பாள் அவள். அக்கா நூடுல்ஸைத் தண்ணீர் வடித்து, பூண்டோடு வாணலியில் பிரட்டி, வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துத் தூவுவாள். "மசாலாவைப் பாதி போட்டாப் போதும். எலுமிச்சையை அடுப்பை அணைச்ச பிறகு பிழியுங்க, இல்லேன்னா கசக்கும்" என்பாள் புதுப்பெண்.

'பாவம், வெறும் நூடுல்ஸ்கூடச் செய்யத் தெரியாத ஜனங்க. நான் இல்லாட்டி என்ன பண்ணுவாங்களோ!' என்று நினைத்துக்கொண்டே சாயங்காலம் வீட்டுக்கு நடப்பாள். கால் தரையில் பாவாததுபோல இருக்கும்.

ஒரே ஒரு பயம்தான் அவளுக்கு. அவளுடைய சாப்பாட்டு டப்பா.

வீட்டில் இருப்பது அவளுடைய கூடப்பிறந்த அக்காளுக்கும் அந்த அக்காளின் கைக்குழந்தைக்குமே இழுத்துப் பிடித்துத்தான் போதும். ஆனாலும் டப்பா இல்லாமல் வந்தால் கேள்வி வரும். வெறும் டப்பாவென்றால் உள்ளே ஸ்பூன் கிலுகிலுக்கும். அதனால் வீட்டுப் பழைய தலையணையிலிருந்து உருவிய பஞ்சை அடைத்து இறுக மூடிக் கொண்டுவந்தாள்.

மதியமானால் அலமாரியிலிருந்து மூன்று டப்பாக்களையும் பலகைக்கு எடுத்துவருவது மாமாவின் வழக்கம். அவள் பாய்ந்துபோய்த் தன்னுடையதை வாங்கிக்கொள்வாள். "நான் அப்புறமா சாப்பிட்டுக்கறேன் மாமா."

ஒருநாள் தலையணை வாங்க வந்த வியாபாரி, "தினமும் அப்புறம், அப்புறம்னு சொல்றியாமே? அப்படி என்னம்மா இருக்கு அதுல, புதையலா?" என்று டப்பாவை நோக்கிக் கையை நீட்டினார்.

அவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க!" என்று மாமா குறுக்கே வந்தார். "தீர்ப்புக்கு முன்னாடி நடுவரம்மா வீட்டுச் சாப்பாட்டைத் தொடக் கூடாது. நாக்கு கெட்டுடும். விதி."

'நல்லவேளை, மனுஷர் விதிப் பைத்தியம்' என்று அவள் மூச்சு விட்டாள்.

முதல் சம்பளம் வந்தது. மறுநாள் விடிந்ததும் எழுந்து சமைத்தாள். டப்பா நிறைய, மூடி மூட முடியாத அளவுக்குச் சோறும் பொரியலும்.

மதியம் மாமா டப்பாக்களை எடுத்துவந்தார். அவளுடையதை மட்டும் உள்ளங்கையில் ஏந்தி, ஒரு கணம் கண்ணை மூடினார்.

"சரியா இருக்கு," என்றார்.

அன்று அடுப்பு மூட்டப்படவில்லை. பூண்டு வாசனை வரவில்லை.

"இன்னைக்கு உங்க முறைதானேக்கா? போட்டி இல்லையா?"

"முடிஞ்சுதுடியம்மா!" அக்கா இரு கைகளையும் எடுத்துக் கும்பிட்டாள். "இனிமே நூடுல்ஸ் மூஞ்சியில முழிக்க மாட்டேன். எனக்கு அந்த வாசனையே ஆகாது."

புதுப்பெண்ணின் கை டப்பாவின் மூடிமேலேயே நின்றுவிட்டது. அவள் அதை இன்னும் திறக்கக்கூட இல்லை.

"மாமா... உங்களுக்கு எப்போ தெரியும்?"

"முதல் நாளே," என்றார் பஞ்சு மாமா, தன் டப்பாவைத் திறந்துகொண்டே. "பஞ்சோட கனம் இந்தக் கைக்குத் தெரியாதாம்மா?"