பொம்மை கட்டியிருந்த சேலை

நனைந்த குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முருகையா மறுபடியும் கடைக்குள் வருவதைக் கண்டதும் ஸலீமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தீபாவளிக்கு இன்னும் இரண்டே நாள். பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அவருடைய துணிக்கடையில் கால் வைக்க இடமில்லை. தோட்டங்களிலிருந்து ஜனம் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியிருந்தது. இந்த நெரிசலில்தான், விற்ற சேலையை மாற்றித் தரச் சொல்லி இந்த மனிதர் இரண்டாவது முறையாக வருகிறார்.

"நானா, உங்க ஆளு வந்துட்டாரு," என்று ஸலீமிடம் சொன்னாள் சேலைப் பக்கம் விற்பனைக்கு நின்ற நஸ்மியா.

முதலில் வந்தபோது, லுணுகலைத் தோட்டத்திலிருந்து வருவதாகச் சொல்லி, வீட்டுக்காரி இராக்கம்மாவுக்குத் தீபாவளிச் சேலை வேண்டும் என்றார். வயது என்ன என்று நஸ்மியா கேட்டாள். அறுபது இருக்கும் என்றார். அந்த வயசுக்குத் தோதாகக் காப்பிக் கலரில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

சில நாளில் அது திரும்பி வந்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தலையைச் சொறிந்தார். ஸலீம் முகம் கோணாமல் சாம்பல் நிறத்தில் வேறொன்று மாற்றிக் கொடுத்தார். இப்போது அதுவும் மேசைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

"இதுவும் பிடிக்கலையா?"

"இல்லீங்க முதலாளி."

பக்கத்தில் பாவாடைத் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, தாத்தாவுக்கு வீட்டுக்குப் போகவே பயம் போல என்று தன் கூட்டாளியிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தம்மா லுணுகலைக்கு மகாராணியாக்கும் என்று நஸ்மியாவும் சேர்ந்துகொண்டாள். முருகையா எதையும் காதில் வாங்கவில்லை. கையை நீட்டிக் கடையின் முகப்பைக் காட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பெரிய பொம்மை கிளிப்பச்சைச் சேலை கட்டியிருந்தது. அரக்குச் சிவப்பில் அகலமான கரை.

"அந்தச் சேலைதான் வேணுங்க."

அதில் அந்த ஒன்றுதான் மிச்சம் என்றார் ஸலீம். அதைக் கழற்றினால் பொம்மைக்கு வேறு கட்ட வேண்டும், பெருநாள் கூட்டத்தில் அதற்கு ஆளில்லை, தீபாவளி முடிந்து வாருங்கள் என்றார். முடிந்து வந்து பிரயோசனம் இல்லையே என்றார் முருகையா. பணம் கட்டக் காத்திருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஸலீமின் பொறுமை அதோடு போயிற்று.

"பெரியவரே, ஒண்ணு செய்ங்க. உங்க சம்சாரத்தையே கூட்டிக்கிட்டு வாங்க. அவங்களே பார்த்து எடுக்கட்டும். எங்களுக்கு இதே வேலையா இருக்க ஏலாது."

"அவ வர முடியாதுங்களே."

"ஏன், நடக்க ஏலாதா?"

"அவ செத்து ஆறு வருசமாச்சுங்க."

பாவாடைத் துணிக்காரி சிரிப்பை நிறுத்தினாள். ஸலீமுக்கு விஷயம் விளங்கியது. வாப்பா காலத்திலிருந்தே தோட்டத்து ஆட்களோடு பழகியவர் அவர். தீபாவளிக்கு முதல் நாள் இரவில், செத்தவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். அதற்கென்று எத்தனையோ பேர் அவரிடம் வேட்டியும் சேலையும் வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒருவராவது அதை மாற்றித் தரச் சொல்லி வந்ததில்லை.

விளங்கியதும் எரிச்சல் கூடத்தான் செய்தது.

"மவுத்தானவங்களுக்கு எந்தக் கலரா இருந்தா என்ன? அவங்க வந்து பிடிக்கலைன்னு உங்ககிட்டச் சொன்னாங்களா?"

முருகையா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மேசைமேல் குனிந்தார்.

"அவ சொல்லலீங்க. படைச்ச பிறகு அதைக் கட்டப்போறது என் மருமக யசோதினி. அவளுக்குத்தான் பிடிக்கல."

மருமகளும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். காப்பிக் கலரைக் காட்டியபோது, அத்தைக்கு நன்றாக இருக்கும் மாமா என்று பெட்டியில் வைத்து மூடிவிட்டாள். சாம்பல் நிறத்துக்கும் அதே பேச்சு. நேற்றுப் பேரப்பிள்ளைக்குச் சட்டை எடுக்க அவளைப் பதுளைக்குக் கூட்டி வந்தாராம். திரும்பும்போது அவள் எதிர்ப்பக்கம் நின்று இந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லுணுகலை பஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

ஸலீமின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் கேட்டார். "மருமகளுக்குத்தான்னா மகன்கிட்டச் சொல்லி எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே? இதுக்குப் போய்ச் செத்தவங்க பேரை எதுக்கு இழுக்கிறீங்க?"

"மகன் போன வருசம் தவறிட்டானுங்க. போன தீபாவளி எங்களுக்கு இல்ல. இதுதான் அவன் போன பிறகு நாங்க கொண்டாடுற மொதத் தீபாவளி."

முருகையா இன்னும் கிட்டக் குனிந்தார்.

"அவளுக்கு இருபத்தேழு வயசுங்க. துக்கம் கழிஞ்சும் வெளிறின சேலையாத்தான் கட்டிக்கிட்டிருக்கா. நானே ஒரு கலர்ச் சேலை எடுத்துக் குடுத்தா லயத்து வீடுகள்ல நாலு வாய் நாலு விதமாப் பேசும். அவளும் தொட மாட்டா. ஆனா இராக்கம்மா எனக்கு முந்தி, பூவும் பொட்டுமாப் போனவ. சுமங்கலிக்குப் படைச்ச சேலைய மருமகதான் கட்டணும். அதைக் கட்டாதேன்னு சொல்ல யாருக்குங்க வாய் வரும்?"

ஸலீம் மேசையைச் சுற்றி வந்தார். காத்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றிவிட்டு, தானே முகப்பில் ஏறிப் பொம்மையின் தோளிலிருந்த ஊசியைக் கழற்றத் தொடங்கினார்.

"என்ன நானா, இந்த நேரத்துல பொம்மைக்கு என்னத்தக் கட்டுறது?" என்று கேட்டாள் நஸ்மியா.

"அந்தக் காப்பிக் கலரக் கொண்டு வா," என்றார் ஸலீம். "அது இதுக்குப் போதும்."