கை நிறைய உப்பு

பேச்சிச்செல்வியின் கை நிறைய உப்பு இருந்தது. எபனேசர் சாரின் கீரைப்பாத்தியில் குனிந்து நின்றவளை அவரே கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

“ஏளா, என்ன செஞ்சிக்கிட்டிருக்க?”

அவர் போட்ட சத்தத்தில் உப்பு அவள் விரலிடுக்கு வழியாகச் சிந்தியது. உப்பளத்தில் வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். கணுக்கால் வரை வெள்ளை பூத்திருந்தது.

“போடல சார், அள்ளுதேன். ஒங்க பாத்தியில உப்பு பூத்துக் கெடந்துச்சி. அதான் சொரண்டி எடுத்தேன்.”

“தானா பூத்துச்சோ? பக்கத்துல ஒம் பாத்தியில பூக்கல, எம் பாத்தியில மட்டும் பூக்குதோ?”

பூட்டிக் கிடக்கும் பழைய சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால், தெருவே குப்பை கொட்டிக்கொண்டிருந்த இடம் அது. தெருவில் பாதிப் பெண்களுக்கு உடம்பில் ரத்தம் இல்லை என்று நர்ஸ் ஜாஸ்லின் சொன்ன அன்றே எபனேசர் வேலையில் இறங்கிவிட்டார். ஆள் சேர்த்து, குப்பையை அள்ளி, இரண்டு லோடு செம்மண் அடித்து, குடும்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பாத்தி போட்டார்.

பதினோரு பாத்தி பச்சைப் பசேலென்று இருந்தது. அவருடைய பாத்தி மட்டும் ஒரு மாதமாகக் கருகிக்கொண்டே வந்தது. போன வாரம் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, “என்ன சார், வாத்தியார் பாத்தியே பெயிலா?” என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு உப்பு, அமிலம் என்று அறிவியல் பாடம் எடுத்த மனிதர். அன்றைக்கு அவருக்கு நின்ற இடத்திலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. வீட்டுக்குப் போயும் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் அவர் மாதிரி அக்கறையாகத் தண்ணீர் விட்டவர் யாருமில்லை. மற்றவர்கள் லாரித் தண்ணீரை டிரம்மில் மொண்டு கடனே என்று ஊற்றிவிட்டுப் போவார்கள். இவர் வீட்டு போர்வெல் தண்ணீர் கரிக்கிறது என்று போன மாதம்தான் சுத்தப்படுத்துகிற மிஷின் ஒன்று வாங்கியிருந்தார். ஒரு குழாயில் குடிக்கிற தண்ணீர் வரும். இன்னொரு குழாயில் கழிவாக ஓடிப்போகும் தண்ணீரையும் வீணாக்க மனமில்லாமல், தினமும் இரண்டு வாளி பிடித்து மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்து தன் பாத்திக்கு ஊற்றினார். இன்றும் கொண்டுவந்திருந்தார்.

அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த பாத்தியில் இவள் உப்பைப் போடுகிறாளே! காரணமும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“போன மாசக் கூட்டத்துல, உப்புக்காலோட தோட்டத்துக்குள்ள வராத, கழுவிட்டு வான்னு சொன்னேன்லா. அந்த வன்மத்துக்குத்தான இந்த வேல?”

“ஐயோ, அப்பிடில்லாம் இல்ல சார்.”

சத்தம் கேட்டு ஆட்டோக்கார லிங்கராஜ் வந்தார். அவர் பின்னாலேயே நாலைந்து பெண்கள் வந்து நின்றார்கள். எபனேசரின் குரல் இன்னும் உயர்ந்தது.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நாளையிலருந்து இவளுக்கு இங்க பாத்தி கெடையாது. வேற ஆளுக்குக் குடுத்திருதேன்.”

பேச்சிச்செல்வி கூனிக் குறுகிப் போனாள். யார் முகத்தையும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தே பேசினாள்.

“சரி சார். மகளுக்கு இது எட்டாவது மாசம். ரத்தம் ஏழு பாயிண்டுதான் இருக்குன்னு நர்சம்மா சொல்லுதாவ. அவளுக்குப் பேறுகாலம் ஆவுத வரைக்கும் கீரைய மட்டும் பறிச்சிக்கிடுதேன். பொறவு விட்டிருதேன்.”

எபனேசருக்குச் சுருக்கென்றது. வயிற்றுப்பிள்ளைக்காரி வாய்க்குப் போகிற கீரையில் கை வைக்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது?

“அதெல்லாம் முடியாது. மொதல்ல கையக் கழுவு. உப்புக்கையோட எதையும் தொடாத.”

தான் கொண்டுவந்த வாளிகளில் ஒன்றைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

அவள் குனிந்து கையைக் கழுவினாள். கண் கலங்கி வழிவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அப்படியே முகத்தையும் கழுவினாள். உதட்டில் பட்ட தண்ணீரை நாக்கால் தொட்டவள் ஒரு கணம் அசையாமல் நின்றாள். கண்ணீராக இருக்குமோ என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடியும் ஒரு விரலை வாளியில் விட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். இருபது வருடம் உப்பளத்தில் பழகின நாக்கு அது.

“என்ன, சார் கொண்டாந்த தண்ணியிலயும் கொற கண்டுட்டியோ?” என்றார் லிங்கராஜ். பெண்கள் சிரித்தார்கள்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி.”

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாளியைத் தூக்கி எபனேசரிடம் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

“உப்பு இந்தத் தண்ணியிலதான் சார் இருக்கு. யாருக்கும் தெரியுமுன்ன சாக்கடையில ஊத்திருங்க.”