ஆடாத மரம்

“காத்து பலமா அடிக்குது. இப்ப எல்லாரும் மரம்!” என்றாள் ஜெசிந்தா டீச்சர். பெரம்பூர் மழலைப் பள்ளியின் பிள்ளைகள் கம்பம் போல் நின்றார்கள். ஒரு விரல்கூட அசையவில்லை.

“காத்துல மரம் ஆட வேணாமா, இர்ஃபான்?”

“மரம் ஆடாது மிஸ்” என்று ஜன்னலைக் காட்டினான் நான்கு வயது இர்ஃபான்.

வெளியே நின்ற பூவரசை நான்கு பக்கமும் இரும்புக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். நகரத்தின் எல்லா மரங்களும் அப்படித்தான். பிள்ளைகளின் இடுப்பிலும் ஒரு பட்டை உண்டு. சற்றுச் சாய்ந்தாலே நிமிர்த்திவிடும். இதுவரை யாரும் விழுந்ததில்லை.

ஜெசிந்தாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பிள்ளைகளை வாசலுக்கு அழைத்து வந்து நிறுத்திவிட்டுப் போய், கயிறுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். பூவரசு தயங்கித் தயங்கி ஆடியது.

“மரம் விழுந்தா யாரும்மா பொறுப்பு?” என்று நகரத்தைக் கண்காணிக்கும் தெருக்கம்பத்து ஒலிபெருக்கி அதட்டியது.

“நான்தான். கட்டியே வெச்சிருந்தா அது எப்பத்தான் நிக்கக் கத்துக்கும்?”

இர்ஃபான் தன் இடுப்பைத் தொட்டான். “மிஸ், இதையும் அவுத்துடுங்க.”

அவிழ்த்தாள். அவன் பூவரசைப் பார்த்துக்கொண்டே வளைந்தான், பொத்தென்று விழுந்தான். ஒலிபெருக்கி அலறியது. முழங்கையில் மண்ணோடு தானாகவே எழுந்தவன் அதைப் பார்த்துக் கத்தினான்:

“சும்மா இரு! நான் ஆடிட்டிருக்கேன்.”