ஒன்பதாம் நம்பர் ஆட்டக்காரன்

ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த மாயவனை நிர்மலா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செல்போனில் கூடைப்பந்து கேம் ஆடியபடியே பக்கத்திலிருந்த தங்கையிடம் அளந்துகொண்டிருந்தாள்.

“கேமு சூப்பர்டி. உசரம், மீசை எல்லாம் நம்ம இஷ்டத்துக்கு வெச்சிக்கலாம். அவரு எகிறிப் பந்து போட்டாருன்னா கண்ணே பட்டுடும்!”

அவராம்! கல்யாணமான பதினோரு வருஷத்தில் தன்னை ஒரு நாளும் இப்படிப் புகழாதவள். மாயவனுக்கு வயிறு எரிந்தது.

“யாருடி அவன்? பேரு இன்னா?”

“போங்க, அத எப்பிடிச் சொல்றது?” என்று வெட்கப்பட்டாள்.

அந்த வெட்கம்தான் அவனை இன்னும் கொளுத்தியது. வெடுக்கென்று போனைப் பிடுங்கினான். ஒன்பதாம் நம்பர் ஆட்டக்காரனின் முதுகில் பெரிதாக எழுதியிருந்தது: மாயவன்.

“புருஷன் பேர வாயால சொல்லக்கூடாதுன்னுதான் எழுதி வெச்சேன்,” என்றாள் நிர்மலா. “கேமுல ஒரே கொறைதாங்க. தொப்பை வெக்க வழியில்ல.”