பொட்டு சொன்ன பூஜ்யம்

ஒரு சிப் இருந்துச்சு. அதை இன்னும் செய்யல, கம்ப்யூட்டருக்குள்ள ஒத்திகை மட்டும் நடந்துக்கிட்டிருந்துச்சு. ஒத்திகையில சிப்புக்குள்ள இருக்கிறவங்களை ஒவ்வொருத்தரா பேரு கூப்பிடுவாங்க. "பூஜ்யம்"னு சொல்லலாம், "ஒண்ணு"ன்னு சொல்லலாம், நெசமாவே தெரியலைன்னா "தெரியாது"ன்னும் சொல்லலாம்.

அதுல பொட்டுன்னு ஒரு ஞாபக அறை. கரண்ட் வந்து கண்ணு முழிச்சதும் என்ன சொல்லணும்னு அதுக்கு யாரும் சொல்லித் தரல. அதனால "தெரியாது"ன்னுச்சு.

பக்கத்துல ஒரு கேட், வந்த பதிலைக் கணக்குப் போட்டு அடுத்தவங்களுக்குத் தள்ளிவிடுறது, பேரு வாசலக்கா. பொட்டு சொல்றதைக் கேட்டுத்தான் அவ பதில் சொல்லணும். "அப்ப எனக்கும் தெரியாது"ன்னா. அவளுக்கு அடுத்தவனும் அதையே சொன்னான். வரிசை பூரா ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கிச்சு, ஒத்திகை நின்னு போச்சு.

வாசலக்கா அதட்டினா: "ஏ பொட்டு, உன்னால நம்ம எல்லாரையும் அழிச்சுட்டு வேற சிப் வரையப் போறாங்க. பேசாம பூஜ்யம்னு சொல்லித் தொலை."

"அது பொய்யில்லையாக்கா?"

"யாரு உள்ள வந்து எட்டிப் பாக்கப் போறா?"

பொட்டு பயந்துபோய் "பூஜ்யம்"னுச்சு. ஒத்திகை மளமளன்னு முடிஞ்சுது. சிப்பையும் செஞ்சுட்டாங்க.

மொத தடவை கரண்ட் வந்துச்சு. பொட்டு பூஜ்யம்னு சொல்லத்தான் வாயெடுத்துச்சு. "ஒண்ணு"ன்னு வந்துச்சு. அணைச்சுட்டுத் திரும்ப கரண்டைப் போட்டாங்க. "பூஜ்யம்"னு வந்துச்சு. மறுபடியும் அணைச்சுப் போட்டாங்க. "ஒண்ணு."

வாசலக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டா: "பொட்டு, உன் வாயில இருந்து பேசுறது யாரு?"

தெரியாதுன்னு சொல்லப் பொட்டு தவிச்சுது. நெசச் சிப்புல அந்த வார்த்தையே கெடையாது; சொல்லித் தரலைன்னா பூஜ்யமோ ஒண்ணோ, வாய்க்கு வந்ததுதான் வரும்.

"ஒண்ணு"ன்னுச்சு.