செவ்வாய்க்கிழமை ரத்தம்

தையல்காரருக்கு இதய வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது என்று அவர் மனைவி சொன்னபோது, டாக்டர் கணினியில் தட்டிப் பார்த்தார். "ரத்தக்கசிவு அபாயம் குறைவுன்னுதான் காட்டுது. சும்மா மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கம்மா" என்றார். பத்தாம் நாள் மூளைக்குள் ரத்தம் கசிந்து தையல்காரர் போய்ச் சேர்ந்தார்.

மூன்றாம் மாதம், ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து அவர் பெயருக்கு ஒரு தாள் வந்தது. ரத்தம் எடுத்த தேதி, போன செவ்வாய்க்கிழமை. 'அபாயம் மிக அதிகம். மாத்திரையை உடனே நிறுத்தவும்' என்று போட்டிருந்தது.

இதை அன்றைக்குச் சொல்லத் துப்பில்லையே என்று அவர் மனைவி அந்த நிலையத்துக்குச் சண்டை போடவே கிளம்பிப் போனாள். ரத்தம் எடுக்கும் பெண் வேலைக்குப் புதிது.

"இது யாரோட ரத்தம்?"

"கழுத்துல அளவு டேப்போடயே வருவாரே, அவரோடதுதாங்க. பஞ்சை வெச்சு அழுத்தினாலும் ரத்தம் நிக்க மாட்டேங்குது. அரை மணி நேரம் உட்கார வெச்சுத்தான் அனுப்பினேன். நீங்க அவர் சம்சாரமா?"

அவள் தாளை மடித்துக்கொண்டாள். "ஏதாவது சொன்னாரா?"

"உங்க மேலதாங்க வருத்தம். 'எப்பவும் கூடவே வருவா, இப்பல்லாம் தனியா விட்டுட்டா'ன்னார்."

அவரை அடுத்து எப்போது வரச் சொல்லியிருக்கிறாய் என்று மட்டும் அவள் கேட்டாள்.