ஆறாவது மொட்டை

“எண்பத்து நாலு வயசுல எனக்கு இன்னாத்துக்குடா மொட்டை?” என்றார் கன்னையா.

போன வருஷமா, அதற்கு முந்தின வருஷமா, எனக்குச் சரியாக நினைவில்லை. திருமலையில், மொட்டை போடும் கூடத்தில் நடந்தது என்பது மட்டும் நிச்சயம். கேள்வியைக் கேட்டது நகரி விவசாயி. கேட்கப்பட்டவர் அவருடைய மகன், ஏர் வைஸ் மார்ஷல் மாசிலாமணி. ரிட்டயராகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

“டெல்லியில ஒரு விமானக் கம்பெனி டைரக்டர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கு நைனா. கடைசியில நானும் இன்னொருத்தரும்தான் நிக்கிறோம். நீ முடி குடுத்தா வேலை எனக்குத்தான்.”

“அப்பிடின்னு யாரு சொன்னாங்கோ?”

“விமானப்படை தேர்வுக்குப் போனப்ப ஒண்ணு. அப்புறம் விங் கமாண்டர், குரூப் கேப்டன், ஏர் கமோடர், ஏர் வைஸ் மார்ஷல். ஒவ்வொரு வாட்டியும் பஸ் ஏறி வந்து மொட்டை போட்ட. ஒண்ணாவது தவறிச்சா?”

“மாமாவை எதுக்குப் படுத்துறீங்க? நீங்களே போட்டுக்கலாமே?” என்றாள் மாசிலாமணியின் மனைவி ஸ்வர்ணலதா.

மாசிலாமணி தன் தலையைத் தடவிப் பார்த்தார். கொடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

நாவிதர் கன்னையாவின் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

“சாமிகிட்ட இன்னா கேக்கணும்?”

“எப்பவும் கேக்கறதையே கேளு.”

“அத்த கேட்டா சரியா வராதுடா.”

“அஞ்சு வாட்டியும் சரியா வந்துச்சே! கேளு நைனா. இது ஆர்டர்.”

“ஆர்டரெல்லாம் உன் சிப்பாய்ங்ககிட்ட வெச்சுக்கோ” என்றபடி கன்னையா தலையைக் குனிந்தார்.

நாலாம் நாள் நகரி வீட்டுக்குப் போன் வந்தது. வேலை அந்த இன்னொருவருக்குப் போய்விட்டது. டெல்லிக்குக் கட்டிய பெட்டிகளை ஸ்வர்ணலதா சத்தமில்லாமல் பிரிக்க ஆரம்பித்தாள்.

“எங்க நைனா தப்பாச்சு? எப்பவும் கேக்கறதத்தானே கேட்ட?”

“இல்லடா. எப்பவும், ‘இந்த உத்யோகமெல்லாம் வாணாம், என் புள்ளைய வீட்டுக்கு அனுப்பிடு’ன்னுதான் கேட்டுக்கினு இருந்தேன். அஞ்சு வாட்டியும் அவரு உன்ன மேல மேல ஏத்தி உட்டுட்டாரு.” கன்னையா மொட்டைத் தலையில் சந்தனத்தை நிதானமாகப் பூசிக்கொண்டார். “அதான் இந்த வாட்டி, டெல்லி வேலைய உனக்கே குடுக்கணும்னு கெஞ்சிக் கேட்டேன்.”